சீட்டு வித்தையைப் பற்றி வகுப்பில் மூன்று நிமிடம்: வித்தையா, கணக்கா, சொந்தக் கதையா?

‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ என்று மூன்று நிமிடம் பேசச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் பூப்பந்து என்பார்கள், மீதிப் பேர் கைப்பேசி விளையாட்டு என்பார்கள். நடுவில் ஒருவன் எழுந்து சீட்டு வித்தை என்றால் பின்வரிசையில் தூங்கி வழிகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். சிக்கலும் அங்கேயே ஆரம்பிக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கையை எதிர்பார்க்கிறார்கள், ஆசிரியரோ பேச்சுக்குத்தான் புள்ளி போடப்போகிறார். இரண்டையும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் மாலை வேளையில் டியூஷன் எடுக்கிறேன். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அதிகம். இந்தத் தடவை இந்தக் கேள்வியோடு வந்தவன் என் அக்கா மகன், படிவம் இரண்டு. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கையில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும். “மாமா, வித்தையக் காட்டிட்டா போதும்ல, பேச வேற செய்யணுமா?” என்றான். பேசணும்டா என்று உட்காரவைத்து, என்னென்ன வழி இருக்கிறது என்று இருவருமாக அலசினோம். வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வித்தையை முன்னால் வைப்பது

பையன்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நேராக மேசைக்குப் போய், கட்டைக் குலுக்கி, “யாராவது ஒரு சீட்டு எடுங்க” என்று ஆரம்பிப்பது. வகுப்பு கப்சிப் ஆகிவிடும், அதில் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு பேச்சு பிழைக்குமா என்பது எந்த வித்தையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எல்லாருக்கும் தெரிந்த 21 சீட்டு வித்தையை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு சீட்டு, வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். நண்பன் மனதில் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு, அது எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்வான். அவன் சொன்ன வரிசை நடுவில் வரும்படி அள்ளி, மறுபடி பரப்ப வேண்டும். மூன்றாம் முறை பரப்பி அவன் வரிசையைக் காட்டியதும், அந்த வரிசையின் நடுச் சீட்டுதான் அவன் நினைத்தது. அள்ளி எண்ணிக் காட்டினால் பதினோராவதாக வந்து நிற்கும். கைத்திறன் எதுவும் வேண்டாம், பரப்புவதில் பிசகாத வரை தவறாது.

ஆனால் 21 சீட்டை மூன்று முறை பரப்பினால் 63 சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும், அள்ளுகிற நேரம் தனி. பேச்சு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒருவன் குனிந்து சீட்டுப் போடுவதை வகுப்பு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரியாகப் பார்க்கவும் முடியாது. சீட்டெல்லாம் மேசையில் படுத்திருக்கும், மூன்றாம் வரிசைக்கு அப்பால் இருப்பவனுக்குப் பேச்சாளரின் உச்சந்தலைதான் தெரியும். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க அருமையான வித்தை. முப்பது பேர் உள்ள வகுப்புக்கு ஒத்துவராது.

அடுத்து, காணொளி பார்த்துப் பழகிய கைத்திறன் வித்தைகள். நடுவில் சொருகிய சீட்டு மறுபடி மறுபடி மேலே வந்து நிற்கும் வித்தை என்றால் என் மருமகனுக்கு உயிர். டாய் வெர்னன் என்ற கனடாக்காரர் 1922-இல் சிக்காகோவில் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியையே மடக்கியது இந்த வகை வித்தையால்தான். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஹூடினி, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தும் பிடி கிடைக்காமல் விழித்தார். அதெல்லாம் சரி. வெர்னனின் கை வேறு, முதல் தடவையாக வகுப்பின் முன்னால் நிற்கிற பதினான்கு வயதுப் பையனின் கை வேறு. இரண்டு சீட்டை ஒன்று போலத் தூக்க வேண்டிய இடத்தில், வியர்த்த விரல் மூன்றைத் தூக்கிவிடும்.

இதற்கு நான் ஒரு சோதனை வைக்கிறேன். அம்மா அடுப்படியில் இருந்தபடி கேள்வி கேட்கட்டும்: இன்னைக்கு கேன்டின்ல என்ன சாப்பிட்ட, வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா, அந்த இருபது வெள்ளி எங்க? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே, கையைக் குனிந்து பார்க்காமல் வித்தையைச் செய்ய முடிந்தால் அது வகுப்புக்குப் போகலாம். என் மருமகன் முதல் இரண்டு கேள்வியைத் தாண்டிவிட்டான், இருபது வெள்ளியில் மாட்டிக்கொண்டான்.

புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேசுவது

பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பான வழி. எழுதி மனப்பாடம் செய்தால் வேலை முடிந்தது. விஷயத்துக்கும் பஞ்சமில்லை. அர்ஜென்டினாவின் ரெனே லாவாண்ட் (1928–2015) ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். மிச்சமிருந்த ஒற்றை இடது கையால் சீட்டு வித்தை செய்து உலகம் சுற்றினார். பெர்சி டயாகோனிஸ் என்ற அமெரிக்கர் 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி அந்த வெர்னனோடு ஊர் ஊராகப் போனவர். பிறகு கணக்குப் படித்து ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர் ஆனார். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைச் சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் குலுக்குகிறோமே, அப்படி ஏழு முறை குலுக்கினால்தான் 52 சீட்டும் நன்றாகக் கலையும் என்று 1992-இல் டேவ் பேயருடன் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். (வீட்டை விட்டுக் கிளம்பிய பகுதியை அம்மா அப்பா இருக்கும் இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டாம்.)

ஆனாலும் இந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். தலைப்பு ‘எனக்குப் பிடித்தது’. லாவாண்டின் கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது லாவாண்டின் கதை. கைப்பேசி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதைத் தேடிப் படித்து ஒப்பிக்கலாம். பேசுகிறவனுக்கும் சீட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம், அதுவும் அவரைப் பார்த்து இவன் என்ன செய்தான் என்பதோடு சேர்த்து வந்தால் சரி. அதற்கு மேல் போனால் பேச்சு செய்தி வாசிப்பாகிவிடும்.

கணக்கை விளக்குவது

இது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வழியாக இருந்தது. 21 சீட்டு வித்தையைச் சுருக்கி ஒன்பது சீட்டில் செய்யலாம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. நண்பன் காட்டிய வரிசையை நடுவில் வைத்து அடுக்கினால், அவன் நினைத்த சீட்டு நான்கு, ஐந்து, ஆறு ஆகிய இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். மறுபடி இடமிருந்து வலமாகப் பரப்பும்போது அந்த மூன்றும் ஆளுக்கொரு வரிசையில், சரியாக நடுவில் போய் விழும். இப்போது அவன் வரிசையைக் காட்டினால் கதை முடிந்தது. இரண்டு முறை பரப்பினால் போதும், மொத்தம் பதினெட்டுச் சீட்டு.

இதை மேசையில் செய்யாமல் வெண்பலகையில் செய்யலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மணிலா அட்டையை ஒன்பது பெரிய துண்டாக வெட்டி, மார்க்கர் பேனாவால் சீட்டு வரைந்து, காந்தத்தாலோ புளூடேக்காலோ ஒட்டிவிட்டால் கடைசி வரிசைக்கும் தெரியும். ஒருவனை மட்டும் நினைக்கச் சொல்லாமல், வகுப்பில் ஒரு பக்கம் முழுவதையும் கூடிப் பேசி ஒரு சீட்டை முடிவு செய்யச் சொல்லலாம். முதலில் வித்தையாகக் காட்டி, பிறகு பலகையிலேயே அது எப்படி நடந்தது என்று விளக்கினால், கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கச்சியிடம் செய்து பார்ப்பார்கள்.

ரகசியத்தை வெளியிடலாமா என்று மருமகன் தயங்கினான். வித்தைக்காரர்கள் ரகசியத்தைச் சொல்வதில்லை என்ற மரபை அவன் மதிக்கிறான், நல்லதுதான். ஆனால் இந்த அடுக்கு வித்தையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கணக்காக ஆராய்ந்து எழுதிவிட்டார். இதில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மற்றவர்கள் கஷ்டப்பட்டு உருவாக்கிய கைத்திறன் வித்தைகளை மட்டும் போட்டு உடைக்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம்.

இந்த வழியில் போகிறவர்களுக்குக் கையில் ஒரு எண் கொடுத்து அனுப்புகிறேன். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 68 இலக்க எண் வரும். பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து இன்றுவரை ஓடிய விநாடிகளை எழுதினாலே 18 இலக்கம்தான். அப்படியானால் நன்றாகக் குலுக்கிய ஒரு கட்டின் வரிசை, உலகத்தில் இதற்கு முன் எந்தக் கையிலும் இருந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். இதைச் சொல்லும்போது குலுக்கிய கட்டைக் கையில் உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

குறை என்னவென்றால், விளக்கம் நீண்டால் பேச்சு கணக்குப் பாடமாகிவிடும். கணக்கில் உண்மையாகவே ஆசை உள்ள பிள்ளை என்றால் அந்த ஆசை முகத்தில் தெரியும், காப்பாற்றும். இல்லாத பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன்.

சொந்தக் கதை

தோட்டத்து ஊரில் சீட்டு என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, காரணத்தோடுதான். சம்பள நாளன்று லயத்துக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. துக்க வீட்டில் இரவு கண் விழிக்கச் சீட்டு, தீபாவளி ராத்திரி சீட்டு. அதில் சண்டை, கடன். அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் கட்டும் கையுமாகத் திரிந்தால் சும்மா விடுவார்களா?

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் அம்மா, அதாவது அவனுடைய பாட்டி, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். முதல் முறை கட்டைப் பார்த்ததும், “இந்தச் சனியன வீட்டுக்குள்ள கொண்டாராதய்யா. உங்க தாத்தா சம்பளத்துல பாதி இதுலதான் போச்சு” என்றார். பையன் கட்டை ஒளித்துவைக்காமல் அவர் முன்னாலேயே உட்கார்ந்து, ஒரு சீட்டு எடுங்க பாட்டி என்று நீட்டினான். வேண்டாவெறுப்பாக ஒன்றை உருவினார். ஆடுதன் ஏழு. திரும்பச் சொருகினார், அவன் கலைத்தான், அதையே எடுத்துக் காட்டினான். அம்மா அவன் சட்டைக் கையை மடக்கிப் பார்த்தார், பாய்க்கு அடியில் பார்த்தார். பிறகு, “இது அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்க தாத்தாகிட்ட சம்பளம் முழுக்க நானே ஜெயிச்சிருப்பேனே” என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது, எங்கடா அந்தக் கட்டு என்று அவரே கேட்கிறார்.

இதைவிட நல்ல பேச்சு எங்கே கிடைக்கும்? கேட்கிற பிள்ளைகள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். பேசுகிறவனுக்கு மனப்பாடம் தேவையில்லை, நடந்ததைச் சொல்லப்போகிறான். ஆனால் மருமகன் முதலில் எழுதிக்கொண்டு வந்த தாளில் பாட்டி இல்லை. ‘சீட்டு வித்தை எனக்குப் பொறுமை, விடாமுயற்சி, தன்னம்பிக்கை ஆகியவற்றைக் கற்றுத் தந்தது’ என்று இருந்தது. பூப்பந்துக்காரனும் அதையே சொல்லப்போகிறான், வீணை வாசிக்கிறவளும் அதையே சொல்லப்போகிறாள். அந்த வாக்கியத்தை நானே அடித்தேன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. குடும்பத்துக் கதையைச் சபையில் வைக்கும் முன் குடும்பத்தைக் கேட்க வேண்டும். ‘சம்பளத்தில் பாதி’ என்பது வேண்டாம் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள், நியாயம்தான். ‘சம்பள நாளில் தாத்தா சீட்டாடுவார், பாட்டிக்குப் பிடிக்காது’ என்று மாற்றிக்கொண்டோம். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கதையும் வித்தையும் சேர்ந்து

ஆக, என் கணக்கில் சொந்தக் கதைதான் முதல். ஆனாலும் சீட்டு வித்தை பற்றிப் பேசிவிட்டு ஒன்றையும் காட்டாமல் உட்கார்ந்தால் வகுப்பு விடாது. அதனால் பேசுகிறவனின் கை சும்மா இருக்கிற வித்தை ஒன்று வேண்டும். அப்படி ஒன்று பல ஆரம்பப் புத்தகங்களில் இருக்கிறது: நான்கு ஏஸ்.

நான்கு ஏஸையும் முன்கூட்டியே கட்டின் மேலே வைத்துவிட வேண்டும். நண்பனை அழைத்துக் கட்டை நான்கு குவியலாக வெட்டச் சொல்ல வேண்டும். கட்டின் மேல்பகுதி எந்தக் குவியலில் இருக்கிறது என்பதை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், அது கடைசியில் வர வேண்டும். நண்பன் ஒவ்வொரு குவியலாக எடுப்பான். மேலிருந்து மூன்று சீட்டை ஒவ்வொன்றாக அடியில் தள்ளுவான், அடுத்த மூன்றை மற்ற மூன்று குவியல்களின் மேல் ஆளுக்கொன்றாக வைப்பான். கடைசிக் குவியலுக்கு வரும்போது ஏஸ்களின் மேல் மூன்று வேறு சீட்டு ஏறியிருக்கும். அந்த மூன்றும் அடியில் போய்விடும், மூன்று ஏஸ்கள் மற்ற குவியல்களுக்குப் போகும், ஒன்று அங்கேயே தங்கும். நான்கு குவியலையும் திறந்தால் நான்கு ஏஸ். சீட்டைத் தொட்டது முழுக்க நண்பன்.

நான்கு குவியல் என்பதால் கதையையும் நான்கு துண்டாக்கிவிடலாம். முதல் குவியலுக்கு எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கட்டு முதலில் வீட்டுக்குள் வந்த கதை. அவன் இரண்டாவதை எடுக்கும்போது பாட்டி திட்டியது. மூன்றாவதில் ஆடுதன் ஏழு. நான்காவதில் பாட்டி சொன்ன பதில், சிரிப்பு, ஏஸ். நண்பன் மொத்தம் 24 சீட்டைத்தான் நகர்த்துகிறான், அந்த நேரம் முழுவதும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். 21 சீட்டு வித்தையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதுதான்: அதில் வித்தை பேச்சின் நேரத்தைத் தின்கிறது, இதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

நண்பனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வகுப்பின் கோமாளியை அழைத்தால் கேட்காமலே கட்டைக் குலுக்கிவிடுவான், ஏஸ் நான்கும் காணாமல் போகும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற அமைதியான பெண்ணோ பையனோ நல்லது. அப்படியும் எண்ணிக்கை தவறி மூன்று ஏஸ்தான் வந்தது என்றால்? பேச்சின் கடைசி வாக்கியம் வித்தையை நம்பி இருக்கக் கூடாது. பாட்டியின் வசனத்தோடு முடிகிற பேச்சுக்கு மூன்று ஏஸ் வந்தாலும் கைதட்டு விழும். வந்த ஏஸ்களை வெண்பலகையின் கீழ்த் தட்டில் சாய்த்து நிறுத்தி, நண்பனையே உரக்கப் பெயர் படிக்கச் சொன்னால் பின்வரிசைக்கும் போய்ச் சேரும்.

மற்றவை

கட்டு எது என்பது இந்த வித்தைக்குப் பெரிய விஷயமே இல்லை. மருமகன் இணையத்தில் ‘பைசிக்கிள்’ என்ற பெயருள்ள காகிதக் கட்டு வாங்கிவைத்திருக்கிறான். குலுக்க வழவழவென்று சுகமாக இருக்கும், ஆனால் காகிதச் சீட்டு நம் ஊர் ஈரக் காற்றில் ஊறி வளைந்துவிடும். ஒட்டுக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டு வியர்வைக்கு அஞ்சாது. விரித்துக் காட்டும்போது வழுக்கும், ஆனால் குவியல் வைக்க அது போதும்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வதா, குறிப்பு வைத்துக்கொள்வதா என்றால், கதைக்குக் குறிப்பே நல்லது. நான்கு துண்டுக்கு நான்கு சொல் எழுதிக் கட்டின் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் மேசைமேல் கிடக்கும், யாருக்கும் தெரியாது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அனுமதி. பள்ளிக்குச் சீட்டுக்கட்டு கொண்டுவந்தால் கட்டொழுங்கு ஆசிரியர் பறிமுதல் செய்துவிடுவார், பேச்சுக்காக என்று அப்போது சொன்னால் யார் நம்புவது? மொழியாசிரியரிடம் சில நாள் முன்பே சொல்லி, அவர் வழியாகவே கேட்டுக்கொள்வது நல்லது. மறுத்துவிட்டால் மணிலா அட்டை ஒன்பது துண்டுக்கு மாறுங்கள். அதில் சீட்டுக்குப் பதில் பழமோ விலங்கோ வரைந்தாலும் கணக்கு வேலை செய்யும், பாட்டி கதையையும் அதன் நடுவில் சொல்லலாம். அனுமதி கிடைத்தால், பேசி முடித்த கையோடு கட்டை ஆசிரியரிடமே கொடுத்துவிட்டு, பள்ளி முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். இடைவேளையில் “இன்னொரு தடவை காட்டுடா” என்று கூடுகிற கூட்டத்தில்தான் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.